பறித்த தொட்டில்

“நாங்கள்தான் அன்ரி முதல் பாத்தனாங்கள்,” என்றாள் அனோஜினி.

அவளுடைய ஒரு கை, வீட்டு வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த மரத்தொட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தது. மற்றக் கை எட்டு மாத வயிற்றின்மேல்.

“பாத்தால் உங்கடையாகிடுமே? காசு குடுத்திட்டியளே?” என்றார் அக்னெஸ்.

“இவர் குடுக்கத்தான் போறார்.”

அவள் கணவன் டனிஸ்ரன் அப்போதுதான் பையிலிருந்து இருபது டொலர் தாளை எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரப் பெரியவர் சொன்ன விலை அதுதான்.

அக்னெஸ் முந்திக்கொண்டு நாற்பது டொலரைப் பெரியவரின் கையில் வைத்தார்.

சனிக்கிழமைகளில் விடியவே மொன்றியலின் அஹுன்ட்சிக் பக்கம் வந்து, பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்கும் கராஜ் சேல் வீடுகளில் எனாமல் கேத்தல், வார்ப்பிரும்புச் சட்டி, பழைய கண்ணாடிக் கிண்ணம் என்று பொறுக்கி எடுத்து, துடைத்து மினுக்கி, இணையத்தில் கூடின விலைக்கு விற்பது அக்னெஸின் தொழில். வான் ஓட்டுவது கணவர் யோசெப். துறைமுகத்தில் லொறி ஓட்டி, இந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றவர். மனைவியின் வியாபாரத்தை நேரில் பார்ப்பது இப்போதுதான்.

பெரியவர் தயங்கினார். “என்னுடைய நாலு பிள்ளைகளும் இதில் வளர்ந்தவர்கள், மதாம். இந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று...” என்று பிரெஞ்சில் இழுத்தார்.

அக்னெஸ் இன்னொரு இருபது டொலரை அதன்மேல் வைத்தார்.

டனிஸ்ரன் தன் தாளை மடித்துத் திரும்பவும் பையில் வைத்தான்.

அனோஜினியின் கழுத்தில் கிடந்த சிலுவையை அக்னெஸ் பார்த்தார். “எங்கடை தமிழ்க் கோயிலுக்கே வாறனீங்கள், பிள்ளை?”

“ஓம். போன மாதம்தான் மொன்றியலுக்கு வந்தனாங்கள். ஏன், அங்கையும் வந்து பறிக்கவோ?”

யோசெப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தொட்டிலைத் தூக்கினார்.

பெரியவருக்கு மனம் கேட்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த கரடிப்பொம்மை ஒன்றை எடுத்து அனோஜினியிடம் நீட்டினார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். டனிஸ்ரன் இரண்டு டொலர் நாணயக் குற்றியை மேசையில் வைத்தான்.

“நாங்கள் ஒருத்தரிட்டையும் சும்மா வாங்கிறேல்லை,” என்று மனைவியிடம் சொன்னான். வானுக்குள் ஏறிய அக்னெஸுக்கும் அது கேட்டது.

வான் இரண்டு சிக்னல் தாண்டியது. யோசெப் கேட்டார்.

“மனுசர் செய்யிற வேலையே இது?”

“றோட்டைப் பாத்து ஓடுங்கோ.”

“பிள்ளைத்தாச்சிப் பெட்டை. பஸ்ஸிலை வந்திருக்குதுகள். தொட்டிலை எப்பிடிக் கொண்டுபோறது எண்டுகூட யோசிக்காமல் வந்து நிக்குதுகள்.”

“ம்.”

“எங்கடை கராஜிலை ஏற்கெனவே ஒரு வெள்ளைத் தொட்டில் நிக்குது. நூற்றிருபதுக்குக் கேட்டும் நீர் குடுக்கேல்லை. இதை என்ன விலைக்கு விக்கப்போறீர்?”

அக்னெஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பூசைக்கு முன்வரிசை வாங்கிலை போய் இருப்பீர். அந்தப் பிள்ளை பின்னாலை இருந்து உம்மைத்தான் பாக்கப்போகுது.”

“பாக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் தொட்டிலை கராஜுக்குள் இறக்கினார்கள்.

“மரம் அறுக்கிற வாளை எடுங்கோ,” என்றார் அக்னெஸ்.

“ஏன், வெட்டிக் கொத்தித் திருத்தி விலையை இன்னும் கூட்டவோ?”

அக்னெஸ் வாளை வாங்கி, தொட்டிலின் மேற்சட்டத்தில் நடுவாக வைத்து அறுக்கத் தொடங்கினார்.

“உமக்கென்ன விசரே? அறுபது டொலர் குடுத்த சாமான்.”

“அந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பிடிச்சு இறக்கிப் பாருங்கோ.”

யோசெப் இழுத்தார். பிள்ளையைத் தூக்க வசதியாக இறங்குகிற பக்கம் அது. வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கிய வேகத்தில் ஒரு மூலை கழன்று, மெத்தைப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. யோசெப் கையைப் பொத்தி அதற்குள் விட்டுப் பார்த்தார். போனது.

“பிள்ளை உருண்டு வந்தால் தலை அதுக்குள்ளை போகும்,” என்றார் அக்னெஸ். “இப்பிடிப் பக்கம் இறங்கிற தொட்டிலை விக்கக்கூடாது எண்டு இஞ்சை சட்டமே இருக்கு. பாவம், அந்த மனுசனுக்குத் தெரியாது.”

யோசெப் கையை மெல்ல வெளியே எடுத்தார்.

“அதை அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லியிருக்கலாமே, அக்னெஸ்.”

“போன வருசம் இப்பிடி ஒரு தொட்டிலைப் பாத்து ஒருத்திக்குச் சொன்னனான். யாவாரக்காரி தான் வாங்கிறதுக்குக் கதை விடுறாள் எண்டு சிரிச்சாள். நான் அடுத்த வீட்டுக்குப் போக, அதையே வாங்கிக்கொண்டு போட்டாள்.” அக்னெஸ் வாளை நிறுத்தினார். “அந்தக் குழந்தை இப்ப எப்பிடி இருக்குதோ எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான். அதுதான் இந்தமுறை கதைக்கேல்லை. வாங்கிப்போட்டன்.”

யோசெப் வாளை அவர் கையிலிருந்து வாங்கினார். மற்றச் சட்டத்தையும் அறுத்தார். துண்டுகளைக் கட்டி ஓரமாக வைத்த பிறகு, வெள்ளைத் தொட்டில் பக்கம் திரும்பினார்.

“இது?”

“அதின்ரை பக்கம் அசையாது. நாலு மூலையும் ஆட்டிப் பாத்தனான். பின்னேரம் கோயிலிலை ஃபாதரிட்டைக் கொண்டுபோய்க் குடுங்கோ. போன மாதம் புதுசா வந்த அந்தப் பிள்ளையளுக்கு எண்டு சொல்லுங்கோ. எங்கடை பேரைச் சொல்லவேண்டாம். நான் தந்தது எண்டு தெரிஞ்சால் தொடமாட்டினம்.”

“சரி, சும்மா குடுக்கச் சொல்லுறன்.”

“ஐயோ, வேண்டாம். இருபது டொலர் வாங்கச் சொல்லுங்கோ. பொம்மைக்கே காசு வைச்ச பொடியன், சும்மா குடுத்தால் வாங்கமாட்டான்.”