அழித்த ஃபைலும் பிடித்த கையும்

புது மென்பொருள் ஏற்றிய கையோடு, இடத்தை அடைக்கிறதே என்று மேனேஜர் அழித்த பழைய ஃபோல்டரில்தான் கம்பெனியின் அத்தனை ஆர்டர்களும் இருந்தன. காலை வெயிலில் மோதிரம் பளபளக்கும் அவருடைய விரல் இப்போது ரீஸ்டார்ட் பொத்தானை நோக்கி நீள்கிறது. ஆர்டர் விவரங்களைப் பராமரிக்கும் டேட்டாபேஸ்காரி பாய்ந்து மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “ஐயோ சார், தொடாதீங்க! அழிச்ச ஃபைலை, ஓடிட்டிருக்கற டேட்டாபேஸ் இன்னும் விடாம பிடிச்சிருக்கு. நிறுத்தினா அதுவும் கைவிட்டுடும்.” “எது மக்கர் பண்ணினாலும் அணைச்சுப் போடறதுதானேம்மா?” “அதெல்லாம் உங்க வீட்டு மிக்ஸியோட வெச்சுக்கங்க.” மறு கையால் நகலெடுக்கும் கட்டளையைத் தட்டுகிறாள். வெளியே சரக்குக்குக் காத்திருக்கும் லாரிகள் ஹாரனால் திட்டுகின்றன. திரையில் பச்சைக் கோடு, பேரம் படியாத கிராக்கிபோல் நின்று நின்று நகர்ந்து, கடைசியில் முழுசாய் நிரம்புகிறது. “எல்லாமே வந்துடுச்சு சார்! இப்ப ஆசை தீர அணைச்சுப் போடுங்க!” “போடறேன் தாயே, முதல்ல என் கையை விடு.”