பலாக்கட்டையில் விளைந்த கறி

சென்னையில் வண்டுக்கட்டை இல்லாத அடுக்களையே கிடையாது. கட்டையைக் குடைந்து வண்டுகள் உள்ளே வளர்க்கும் பூஞ்சைதான் எல்லோருக்கும் கறி. இந்த மாதம் லீமாரோசுக்குப் பலாக்கட்டை வந்திருந்தது. பூஞ்சையை வழித்து எண்ணெயில் போட்டதும் பலாப்பழ மணம் எழுந்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மார்த்தாண்டத்து வீட்டுப் பலாவில் அவளும் தங்கை ஜெசிந்தாவும் ஒரே கிளையில் உட்கார்ந்து சுளை தின்றிருக்கிறார்கள். பாகம் பிரித்தபோது தங்கை அந்த மரத்தை வெட்டிவிட்டாள். அதிலிருந்து பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

கறியை டப்பாவில் எடுத்துக்கொண்டு லீமாரோஸ் தாம்பரத்துக்கு ரயிலேறினாள். கதவைத் திறந்த ஜெசிந்தா டப்பாவை வாங்கி முகர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் அத வெட்டியிருக்கப்பிடாதுக்கா."

"அது கெடக்கட்டும் மக்ளே. பசிக்குது, சோறு இருக்கா?" என்றாள் லீமாரோஸ்.