சிவப்பு ஜூனியர்களுக்கு

சிவப்புச் சட்டை தெரியாதபடி ஸ்வெட்டரைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்பா காரைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தினார்.

புல்வெளியில் நான்கு நிறங்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

வகுப்புக்கு ஒரு நிறம் உடுத்தி வரும் நாள். அமெரிக்கா வந்த புதிதில் இந்த வகுப்புப் பெயர்கள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஒன்பதாவது படித்தால் ஃப்ரெஷ்மேன், அவர்களுக்கு வெள்ளை. பத்தாவது சோஃபமோர், பச்சை. பதினொன்றாவது ஜூனியர், சிவப்பு. பன்னிரண்டாவது படிக்கும் சீனியர்கள் கறுப்பில் வந்து, புல்வெளியையே விலைக்கு வாங்கியவர்களைப் போல நடுவில் நின்றார்கள்.

அவள் கரூரில் பத்தாவது முடித்துவிட்டு வந்தவள்.

இங்கே சேர்த்தபோது ஜூனியர்தான். இரண்டாவது வாரம் கூப்பிட்டு, அங்கே படித்த பாடங்கள் இங்கே போதாது, சோஃபமோர் என்று மாற்றிவிட்டார்கள்.

படித்த பத்தாவதையே மறுபடி படிக்கிறாள்.

வீட்டில் சொல்லவில்லை.

அம்மா சித்திக்குப் போன் போடும்போதெல்லாம், "பாப்பா ஜூனியர்" என்கிறாள். சிவப்புச் சட்டையைத் தேடி வாங்கி, இஸ்திரி போட்டு, நாற்காலியில் மாட்டி வைத்ததும் அம்மாதான்.

இறங்கினால் எங்கே போய் நிற்பது?

சிவப்புக் கூட்டத்தில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் பச்சையில் இருந்தார்கள்.

கதவில் கை வைத்தாள். திறக்கவில்லை.

அப்பா பின் சீட்டிலிருந்து ஒரு பையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே பச்சைச் சட்டை.

"ஒரு சைஸ் பெருசாவே வாங்கிட்டேன் கண்ணு. உள்ள அம்மா வாங்குனது இருக்குமில்ல."

அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியுங்ப்பா?"

"கடையில எனக்கு வேல பழக்கி விடறானே, அந்தப் பையன் உங்க ஸ்கூல்தான். சீனியராம். எம்பொண்ணு ஜூனியர்னேன். இல்லீங்க, என் தங்கச்சி கிளாஸ், சோஃபமோர்னு சொன்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

கரூரில் அவர் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர். இங்கேயும் மேனேஜர் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

மேனேஜருக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எதற்கு வேலை பழக்குகிறான்?

அவள் கண்ணைத் துடைக்க டிஷ்யூ தேடி, முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தாள்.

டிஷ்யூ இருந்தது. அதன் மேல் ஒரு பேட்ஜ்.

சென்னியப்பன். கீழே, ட்ரெய்னி.

இத்தனை நாளும் அது வீடு வரை வந்ததே இல்லை. இந்தப் பெட்டியோடு நின்றுவிட்டிருந்தது.

வெளியே யாரோ மேளம் தட்டினார்கள். வெள்ளைக் கூட்டம் கத்தியது.

அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். சிவப்புக்கு மேல் பச்சையைப் போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது. காலரில் எட்டிப் பார்த்த சிவப்பை அப்பா விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.

"அம்மாகிட்ட..." என்று இழுத்தார்.

"சாயங்காலம் சொல்லிக்கலாங்ப்பா. ரெண்டையும்."

பேட்ஜை எடுத்தாள். அப்பாவின் சட்டைப் பைக்கு மேல் குத்தினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

இறங்கி நடந்தாள்.

பச்சைக் கூட்டத்தில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

அங்கே போய் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கார் இன்னும் போகவில்லை.

அப்பா கண்ணாடியைப் பார்த்து, பேட்ஜை நேராக்கிக்கொண்டிருந்தார்.