பின் கேட் ஃபைல்

"இன்னாம்மா இது, மூணு மாசமா ஒருத்தர்கூட லேட்டா வரலையா? இது ஷூ கம்பெனியா, சொர்க்கமா?"

மேனேஜர் ஷபீ அஹமது போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லா எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"காலைல நானே பின் கேட்ல நின்னு பாத்தேன். சங்கு ஊதினப்புறம் எத்தினி பேர் ஓடியாறாங்க! உன் ஷீட்ல மட்டும் நம்பர் அசையவே மாட்டேங்குது. நத்தானியேல், இன்னான்னு பாரு. இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியலன்னா பேக்கிங்குக்கு அனுப்பிடலாம்."

நத்தானியேல்தான் அந்த ஆம்பூர் கம்பெனியின் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மேனேஜருக்கு அவன் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது.

விஷயம் இதுதான். தொழிலாளிகள் வரும் பின் கேட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சங்குக்குப் பிறகு வருகிறவர்களின் கார்டு நம்பரை வாட்ச்மேன் அதில் ஏற்றுவார். ஆபீஸில் பிரிஸ்கில்லா வைத்திருக்கும் ஷீட், அந்த ஃபைலிலிருந்து லேட் கணக்கைத் தானாக இழுத்துக்கொள்ள வேண்டும். பத்து லேட்டுக்கு மேல் போனால் கார்டை வாங்கிக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபீஸ்காரர்கள் முன் கேட் வழியாக வருகிறவர்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

"கேட் ஃபைலை யாராச்சும் இடம் மாத்தினாங்களா?" என்று பிரிஸ்கில்லாவைக் கேட்டான் நத்தானியேல்.

"இல்ல சார்."

"பேரை மாத்தினாங்களா?"

"தெரியல சார்."

ஷீட்டில் ஒரு கட்டத்தைத் தட்டிப் பார்த்தான். ஃபார்முலா முழுசாக இருந்தது. கேட் ஃபைலையும் இங்கிருந்தே திறந்து பார்த்தான். இன்று காலை வரை எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தது. அங்கே இருப்பது இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

"உங்க ஷீட்டை மூடிட்டு, டெய்லி எப்படித் திறப்பீங்களோ அப்படித் திறங்க."

திறந்தாள். இன்னொரு ஃபைலோடு லிங்க் இருக்கிறது, புது விவரத்தை எடுத்துக்கொள்ளவா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. பிரிஸ்கில்லா அதைப் படிக்கக்கூட இல்லை. பட்டென்று 'நோ'வை அமுக்கினாள்.

"அய்யய்யோ! டெய்லி இப்படித்தான் நோ குடுக்கறீங்களா?"

"ஆமா சார்."

"ஏங்க?"

"வைரஸ் வந்துடும்னு பயந்துட்டேன் சார்."

ஆபீஸ் கொல்லென்று சிரித்தது. "வேலூர்ல கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சேன்னு சொன்னீங்க? நல்லா முடிச்சீங்க போங்க!" என்று நத்தானியேலும் சேர்ந்துகொண்டான். பாவம், அவளுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

நத்தானியேல் எடிட் மெனுவுக்குள் போனான், லிங்க்ஸைத் திறந்தான், அப்டேட் கொடுத்தான். நம்பரெல்லாம் மளமளவென்று மாறியது.

"ஆச்சு சார். ஒரு நிமிஷ வேலை."

"ஷாபாஷ்! யாருக்கு ஜாஸ்தின்னு மேல கொண்டா."

கொண்டுவந்தான். உச்சியில் வந்து நின்ற பெயரைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது.

"ஜெயபுஷ்பம், ஸ்டிச்சிங். முப்பத்தொரு லேட்டா! யாருய்யா இது?"

"ஸ்டிச்சிங்ல... யாரோ சார்."

பிரிஸ்கில்லா வெடுக்கென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மத்தவங்களை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்தம்மாவைக் கூப்பிடு" என்றார் மேனேஜர்.

ஜெயபுஷ்பத்துக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கதவோரமே நின்றுகொண்டாள். விரலெல்லாம் லெதர் சாயம்.

"இன்னாம்மா, முப்பத்தொரு நாள் லேட்டு. இன்னா சேதி?"

"மாதனூர்லேர்ந்து வரணும் சார். ரோடு வேலை நடக்குது, பஸ்ஸு நின்னா உண்டு, நிக்காட்டி இல்ல. சமைச்சு, புள்ளைய வேலைக்கு அனுப்பிட்டுத்தான் கெளம்ப முடியுது."

"புள்ள கிட்ட வண்டி கிண்டி கெடையாதா? கொண்டாந்து வுடச் சொல்றதுதானே?"

"வண்டி இருக்குது சார். அவன் வேலை வேற பக்கம்." சொல்லும்போது அவள் தரையைத்தான் பார்த்தாள். "அவனைச் சொல்லிக் குத்தமில்ல சார். நாந்தான் சீக்கிரம் கெளம்பணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ரூல்னா ரூல்தான். கார்டைக் குடுத்துட்டுப் போ."

ஜெயபுஷ்பம் கழுத்திலிருந்த கார்டைக் கழற்ற ஆரம்பித்தாள். நத்தானியேல் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிரிஸ்கில்லா அவன் பக்கம் குனிந்தாள்.

"சார், எனக்கு வைரஸ் பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் நோ அமுக்கினேன்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஈஸ்டர் அன்னிக்கு உங்க சர்ச்சுக்கு வந்திருந்தேன் சார். அங்க உங்க ரெண்டு பேரையும் பாத்தேன்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. நேராகப் போய், கார்டை நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சாயக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நாளைலேர்ந்து எங்கம்மா லேட்டா வர மாட்டாங்க."