எக்கோவுக்கு ஒரு சொல்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களிலேயே தலைக்கனம் பிடித்தது, எதிரொலி சேர்க்கும் எக்கோதான். எப்பேர்ப்பட்ட குரலையும் பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் ஆக்கிவிடும் அல்லவா, அந்தப் பெருமை.

அன்று வந்தது, வீட்டைவிட்டுப் போன மகனைத் தாய் கூப்பிடும் பாட்டு. பாடியவரின் குரல் நடுவில் கரகரத்தது, மூச்சு வாங்கியது. இதையெல்லாம் பூசி மெழுக நான்தான் வேண்டும் என்று எக்கோ தயாராக நின்றது.

குரலையும் இசையையும் கலந்து மிக்ஸிங் செய்யும் எஸ்தரோ அதைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தாள். பக்கத்திலிருந்த வயலின் குமிழையும் நன்றாகக் குறைத்தாள்.

"என்னண்ணே, என்னை இப்படி ஓரங்கட்டிட்டாங்க?" என்றது எக்கோ.

"எனக்கும் அதே கதிதான். பேசாம பாட்டைக் கேளு," என்றது வயலின் குமிழ்.

எக்கோ வேண்டாவெறுப்பாகக் கேட்டது. அந்த அம்மா காதருகே உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. குரல் கரகரத்த இடத்தில் எக்கோ பூஜ்யத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"நல்லவேளை, என்னை விடல," என்றது மெதுவாக. "கெடுத்திருப்பேன்."

பாட்டின் கடைசிச் சொல் "வாடா". அப்போதுதான் எஸ்தர் எக்கோவை முழுக்கத் திருகி ஏற்றினாள்.

எக்கோ அந்தச் சொல்லைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு மகன் இல்லாத அந்தக் காலி வீட்டுக்குள் போனது. சுவர் சுவராகக் கேட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவிடமே திரும்பி வந்தது.

கூட யாரும் வரவில்லை.