கத்தரி போடாத விமர்சனம்

பத்திரிகை ஆபீஸில் அவருக்குப் பெயர் 'கத்தரி'. விமர்சனத்துக்கென்று அவர் கையில் சிக்கிய எந்தப் புத்தகமும் முழுசாகத் தப்பியதில்லை.

இந்த வாரம் சிக்கியது மச்சினன் எழுதிய நாவல்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். கதையில் ஒரு மந்திரவாதி. எந்த மந்திரம் போட்டாலும் மறுநாள்தான் பலிக்கும். நாற்காலியில் இருக்கும் எதிரியைத் தவளையாக்கப் பார்ப்பான். மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்காரும் ராஜா தவளையாகிவிடுவார்.

கத்தரியின் சொந்த நாவல்கள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. இவனுடையதோ கடையில் தீர்ந்துபோய் மறுபடி அச்சாகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலோடுதான் பிரித்தார். டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். மனைவி ஓடிவந்து கேட்டதற்குப் புரையேறிவிட்டது என்றார்.

சாப்பிடும்போது மனசு கேட்காமல் கொட்டிவிட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான், பாவி. ஆனா ஜோக்கைச் சொல்லிட்டு, அடுத்த வரியிலேயே 'அதாவது'ன்னு ஆரம்பிச்சு அதுக்கு விளக்கமும் சொல்றான். சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கிறான். அந்த 'அதாவது' வரியை எல்லாம் தூக்கிட்டா, இவனை அடிச்சுக்க ஆளே கிடையாது."

அவளுக்குப் பகீரென்றது. இதையே பிடித்துக்கொண்டு தம்பியை நார் நாராகக் கிழித்துவிடுவாரே. அவன் வேறு இரண்டாம் பாகத்தைத் தொடங்காமல் காத்திருக்கிறான். குறை இருந்தால் மாமா சொல்லட்டும், அதன்படிதான் எழுதுவேன் என்று தினமும் அக்காவுக்குப் போன் போடுகிறான்.

பத்திரிகை வந்தது. பயந்துகொண்டே பிரித்தாள்.

'குறையே சொல்ல முடியாத நாவல். இரண்டாம் பாகமும் துளிக்கூட மாறாமல் இதே நடையில் வர வேண்டும்.'

தம்பி போனில் அழுதேவிட்டான். மாமாவே சொல்லிவிட்டார், இனி எதையும் மாற்றமாட்டேன் என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனிடம் போய் நின்றாள்.

"உங்க மனசு தெரியாம உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க. ஆனா, அந்த 'அதாவது' விஷயத்தை அவன்கிட்ட மட்டும் தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கத்தரி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொன்னா திருத்திக்குவானே."