எல்லா விளக்கும் பச்சை

'கை தட்டினா குறைஞ்சா போயிடுவார்?'

கணக்குப் பிரிவு ராஜகோபாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெல்லி அலுவலக மண்டபமே கைத்தட்டலில் அதிர, பக்கத்து நாற்காலிப் பரமசிவம் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

மேடையில் மந்திரி பட்டனை அழுத்தியதும், உத்தராஞ்சல் வரைபடம் முழுக்கப் பச்சை விளக்குகள் எரிந்தன. காட்டு மரங்களில் பெட்டிகள் கட்டியிருக்கிறார்களாம். எங்கே தீப்பிடித்தாலும் ஒயரே இல்லாமல் டெல்லிக்குச் செய்தி வந்து, விளக்கு சிவப்பாகிவிடுமாம்.

அந்தப் பெட்டிகளைக் கட்டிவிட்டு வந்தவரே பரமசிவம்தான்.

'மேடையில இடம் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல். இவரெல்லாம் ஒரு விஞ்ஞானி!'

"அடுத்து, பெட்டி கட்ட உதவிய காட்டுக் காவலர் கோவிந்த் சிங்குக்கு மந்திரி சால்வை போர்த்துவார்" என்று ஒரு பெண் வாசித்தாள்.

யாரும் வரவில்லை. டைரக்டர் சேஷன் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார். "ட்யூட்டியில இருக்கார். அவ்வளவு கடமை உணர்ச்சி!"

மறுபடி கைத்தட்டல். பரமசிவத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அரே, என்ன சார் இது?"

"போன வாரம் அங்கே காட்டுத் தீ. கோவிந்த் சிங் குடிசையோட போயிட்டார் சார். பெட்டி கட்டப் போனப்போ அவர் சுட்டுப் போட்ட ரொட்டியைத்தான் தின்னேன்."

"ஐயையோ! அப்ப இந்தப் பச்சை விளக்கெல்லாம்?"

"மேடைக்கு அடியில பேட்டரி இருக்கு. காட்டுல பெட்டியெல்லாம் கருகிப் போச்சு. டைரக்டர் மிரட்டினார், நான்தான் ஒயரை மாட்டினேன்."

ராஜகோபாலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தீப்பிடிச்சா உடனே தெரியும்னு பெருமையடிச்சீங்களே! அந்த மனுஷன் எரியறப்போ உங்க பெட்டி என்ன பண்ணிட்டிருந்தது? பழுதா?"

"ஒரு பழுதும் இல்லை சார். வெயில் ஏறுது, காடு காயுது, ஆன் பண்ணிடறேன்னு கெஞ்சினேன். மந்திரி கையாலதான் ஆன் பண்ணணும், அவர் தேதி கொடுக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னுட்டாங்க."